முகவரிக் கட்டம்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் பிறந்ததும், செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் ஸ்காபரோவிலிருந்து பேருந்தும் சுரங்க ரயிலும் மாறி, ரொறன்ரோ நகருக்குள் இருக்கும் ஓர் இளையோர் காப்பகத்துக்குப் போவேன். வீட்டை விட்டு வந்தவர்களும் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுமாக, 16 முதல் 24 வயது வரையானவர்கள் தங்குகிற இடம் அது. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வருமான வரிக் கணக்குச் செய்து கொடுப்பது எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. முப்பது ஆண்டுகள் மற்றவர்களுடைய கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன தொண்டு செய்யத் தெரியும்?

இதை முதன்முதலாக வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. "வீடே இல்லாத பிள்ளையளுக்கு வருமான வரி என்னத்துக்கு?" என்றார். கனடாவில் வரிக் கணக்கு என்பது அரசுக்குப் பணம் கட்டுவதற்கான ஏற்பாடு என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அரசு ஒருவரை ஆள் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். 19 வயது நிறைந்த, வருமானம் குறைந்த ஒருவருக்கு விற்பனை வரிச் சலுகைப் பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒன்டாரியோ மாகாணமும் தன் பங்குக்கு ஒரு சலுகையைத் தரும். ஆண்டு முழுவதும் ஒரு சதம் உழைக்காதவரும் கணக்கைச் சமர்ப்பித்தால்தான் இவை அவரைத் தேடி வரும். விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சமர்ப்பித்து நிலுவையைப் பெறலாம். அந்தச் சில நூறு டாலர்களைக் காட்டிலும் பெரியது, பின்னர் தபாலில் வந்து சேருகிற மதிப்பீட்டு அறிவிப்பு என்ற காகிதம். வாடகை மானிய வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். இலவசமாக இப்படிக் கணக்குச் செய்து கொடுக்கும் தொண்டர் திட்டம் 1971 முதல் இந்த நாட்டில் நடந்து வருகிறது. நான் அதில் பிந்திச் சேர்ந்தவன்.

படிவத்தின் தொடக்கத்தில் பெயர், பிறந்த தேதி, சமூகக் காப்புறுதி இலக்கம், தபால் முகவரி ஆகியவற்றைக் கேட்பார்கள். மற்றவர்கள் அரை நிமிடத்தில் கடந்து போகிற இந்தப் பகுதியில்தான் என் மேசைக்கு எதிரே அமர்கிறவர்கள் தடுக்கி நிற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த இருபது வயது இளைஞன் ஒருவனை நான் மறக்கவில்லை. (இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் யாரென்று எவருக்கும் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நல்ல உயரம், தொப்பி வைத்த மேலங்கியை உள்ளேயும் கழற்றாமல் இருந்தான். பெயரைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான், முகவரி என்றதும் நிறுத்தினான். கடைசியாக அவன் பெயருக்குக் கடிதம் வந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள் என்றான். வாசலில் நின்ற பணியாளர், "எங்கள் முகவரியைப் போடு" என்றார். அவன் என்னைப் பார்த்து, "இது பொய் சொன்னதாக ஆகாதா?" என்று கேட்டான். ஆகாது என்றேன். சிறிது நேரம் கழித்து, கணக்கு முடிகிற கட்டத்தில், மறுபடியும் அதையே கேட்டான்.

அன்று இரவு வீடு திரும்பும்போது எனக்கு உறைத்தது இதுதான்: அந்தக் கட்டடம் அவனுக்கு இரவல் கொடுத்தவற்றில் கட்டிலைவிடப் பெறுமதியானது அதன் கதவிலக்கம். காப்பகம் என்றால் படுக்கையும் சூப்பும் என்று நினைத்திருந்த எனக்கு, அதன் உண்மையான வேலை வேறு எங்கோ நடக்கிறது என்பதை அந்த முகவரிக் கட்டம்தான் காட்டித் தந்தது.

காகிதங்களின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் 'வாழ்க்கையை மீளக் கட்டுதல்' என்று பேசுவது அத்திவாரம் இல்லாமல் ஓடு வேய்வதைப் போன்றது. வேலைக்குப் போகச் சமூகக் காப்புறுதி இலக்கம் வேண்டும். அதை எடுப்பதற்குப் பிறப்புச் சான்றிதழோ குடிவரவுப் பத்திரமோ வேண்டும். சுகாதார அட்டைக்கு, இங்கே வாழும் உரிமை, ஒன்டாரியோவில் குடியிருப்பு, ஆள் அடையாளம் என்ற மூன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். வங்கிக் கணக்கைத் திறக்கக் கையில் பணமோ வேலையோ இருக்க வேண்டியதில்லை, வங்கி மறுக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் அடையாளப் பத்திரம் இல்லாமல் எந்தச் சட்டமும் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்காது. பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் புதிதாக ஒன்றை எடுக்கப் போனால், குறைந்தது இரண்டு ஆண்டுகளாக அவரை அறிந்த, சட்டம் குறிப்பிடுகிற பதவிகளில் ஒன்றை வகிக்கிற ஒரு கனடியக் குடிமகன் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். ஆறு பள்ளிக்கூடங்கள் மாறியவரை, நான்கு வளர்ப்பு வீடுகள் மாறியவரை, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அறிந்த மருத்துவரோ அதிபரோ யார் இருக்கப் போகிறார்கள்? அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே காப்பகப் பணியாளர்களுக்கு ஒரு தனி வேலை. பழைய ஆசிரியர்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். பிள்ளைகள் நலச் சங்கத்தில் பழைய கோப்பைத் தோண்டுவார்கள்.

தெருவில் இருக்கிறவர்களுக்குப் பத்திரங்கள் நிலைப்பதில்லை. பை திருட்டுப் போகும், மழையில் ஊறும், நண்பன் வீட்டில் வைத்தது, நண்பனோடு பகையான அன்றோடு போய்விடும். ஆகவே எடுத்த பத்திரத்தின் பிரதியைக் காப்பகம் தன் கோப்பில் வைத்துக்கொள்ளும். வரவேற்பு மேசைக்குக் கீழே ஒரு நீளமான இழுப்பறை இருக்கிறது. வெளியேறிப் போனவர்களின் பெயருக்கு வருகிற கடிதங்களை அகரவரிசையில் அதற்குள் அடுக்கி வைப்பார்கள். போனவர்கள் எப்போது திரும்பி வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தபாற்கந்தோர் நினைவுக்கு வரும்.

என் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990 இல், இருபது வயதில், நான் இந்த நகரத்தில் வந்து இறங்கினேன். வெலஸ்லியும் பார்லிமென்டும் சந்திக்கிற இடத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் அக்காலத்தில் எங்களைப் போன்ற தமிழ்ப் பெடியன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாங்கள் ஏழு பேர். இரவு வேலைக்குப் போகிறவன் எழும்பிய மெத்தையில் பகல் வேலை முடித்து வந்தவன் படுப்பான். மெத்தையின் சூடு ஆறாது. குத்தகைப் பத்திரத்தில் எங்களில் ஒருவனுடைய பெயர்தான் இருந்தது. இன்றைக்கு ஆய்வாளர்கள் இதைப் போன்ற நிலையை மறைந்த வீடின்மை என்று வகைப்படுத்துகிறார்கள். அப்போது எங்களை யாராவது வீடற்றவர்கள் என்று சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்போம்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்த வீட்டின் கதவைத் திறந்தவன் என் ஒன்றுவிட்ட அண்ணன். வேலையில்லாத மூன்று மாதமும் என்னிடம் சோற்றுக்குப் பணம் கேட்காதவர்கள் ஊரால், உறவால் எனக்குக் கட்டுப்பட்டவர்கள். கடிதம் எழுதினால் பதில் எழுத ஒரு தாய் இருந்தார். காப்பகத்துக்கு வருகிற பிள்ளைக்கு இல்லாதது அந்த உறவுக் கண்ணிதான். நண்பர்களின் சோபாக்களில் மாறி மாறிப் படுத்து, ஒவ்வொரு வீட்டிலும் முகம் சுளிக்கப்படும் நாள்வரை இருந்து, சோபாக்கள் தீர்ந்துபோன பின்னர்தான் பெரும்பாலானவர்கள் அந்தப் படியில் ஏறுகிறார்கள். தெருவில் நாம் காண்கிறவர்கள் மிகச் சிலரே.

கனடாவின் 47 இடங்களில் 1,103 வீடற்ற இளையோரைக் கேட்டு எடுத்த ஒரு தேசியக் கணிப்பு 2016 இல் வெளியானது. அவர்களில் 40.1 சதவீதத்தினர் முதன்முதலாக வீடிழந்தபோது பதினாறு வயதைக்கூட எட்டவில்லை. 57.8 சதவீதத்தினர் ஏதோ ஒரு காலத்தில் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பின் கைகளுக்குள் இருந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிறுவயதில் வன்முறையையோ அதற்கு நிகரான கொடுமையையோ அனுபவித்தவர்கள். 29.5 சதவீதத்தினர் தம்மைப் பாலியல் சிறுபான்மையினர் என்று அடையாளப்படுத்தியிருந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டுக் கதவு ஏன் சாத்தப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. 42 சதவீதத்தினர் ஒருமுறையாவது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தார்கள். 'இளமைத் திமிரில் வீட்டை விட்டு ஓடுகிறார்கள்' என்று இதற்குப் பிறகும் சொல்கிறவரோடு நான் வாதிடுவதில்லை.

சட்டமும் நெடுங்காலம் இவர்களுக்கு இடையில் ஒரு பள்ளத்தை விட்டு வைத்திருந்தது. ஒன்டாரியோவில் பதினாறு வயதில் ஒருவர் பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து சட்டப்படி விலகிக்கொள்ளலாம். ஆனால் அக்காலத்தில் பதினாறு நிறைந்தவரைப் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பு புதிதாக ஏற்றுக்கொள்ளாது; பதினெட்டு ஆகும்வரை வளர்ந்தவர்களுக்கான உதவிகள் பலவும் கைக்கெட்டாது. 2018 ஜனவரியில்தான் 16, 17 வயதினரும் தாங்கள் விரும்பினால் அந்தப் பாதுகாப்பைப் பெறலாம் என்று சட்டம் மாறியது. அதற்கு முன் இருந்த இரண்டு ஆண்டுப் பள்ளத்தில் விழுந்தவர்களை ஏந்திக்கொண்டவை இளையோர் காப்பகங்கள்தாம்.

ரொறன்ரோவில் இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. நகர மையத்தில் கவனன்ட் ஹவுஸ் 1982 இல் தொடங்கியது. எட்டோபிகோவில் யூத் விதவுட் ஷெல்டர் 1986 இல் வந்தது. பள்ளிக்கூடத்தை முடிக்கும்வரை மாணவர்கள் தொடர்ந்து தங்குவதற்கென்றே அங்கே ஒரு தனித் திட்டம் இருக்கிறது. நாளைக்கு எங்கே படுப்பேன் என்று தெரியாதவன் அல்ஜிப்ராவில் எப்படி மனத்தைச் செலுத்துவான் என்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை ஈவா ஸ்மித்துடையது. ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய அவர் நோர்த் யோர்க்கில் சமூகப் பணியாற்றியவர். தான் பழகிய மாணவர்களில் சிலருக்கு இரவில் போக இடமில்லை என்பதைக் கண்டு, புறநகரில் இளையோருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1993 இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட காப்பகம் இன்று அவருடைய பெயரால் ஈவாஸ் பிளேஸ் என்று அழைக்கப்படுகிறது.

முதல் இரவில் காப்பகத்தில் நடப்பதை, நான் பார்த்த அளவில் சொல்கிறேன். கதவைத் தட்டுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது 'சாப்பிட்டாயா' என்பதுதான். படிவங்கள் பிறகு வரும். துண்டு, சோப்பு, ஒரு கட்டில், பூட்டக்கூடிய ஒரு லொக்கர். சலவை இயந்திரத்துக்குக் காசு போட வேண்டியதில்லை. பல நாட்களாக ஒரே உடையில் திரிந்தவருக்கு, எல்லாத் துணியையும் ஒரே நேரத்தில் இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு இரவல் உடையில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அவர்கள் அந்தச் சுழலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் விதத்தில் அறியலாம். முதல் ஓரிரு நாட்கள் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழியும். அனுபவமுள்ள பணியாளர்கள் அந்தத் தூக்கத்தைக் கலைப்பதில்லை. பிறகு ஒரு பணியாளர் பொறுப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசத் தொடங்குவார். என்னென்ன பத்திரங்கள் இல்லை, எந்த வகுப்பில் படிப்பு நின்றது, என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தாய், யாரைக் கண்டால் பயம் என்று அந்தப் பேச்சு நாட்கணக்கில் நீளும்.

விதிகளும் உண்டு. இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். காலையில் எழும்ப வேண்டும். முறை வைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும். கைநீட்டினால் வெளியேற வேண்டும். இந்த விதிகளைப் பற்றி எனக்கு இருவேறு மனம். ஐம்பது பேர் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம் விதிகள் இல்லாமல் ஓடாது. அதேநேரம், வீட்டில் அடிபட்டு வந்த ஒருவன் கோபத்தில் சுவரைக் குத்தினான் என்பதற்காக அவனை ஜனவரிக் குளிரில் வெளியே அனுப்புகிறபோது, அவனுடைய தகப்பன் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம் என்ற எண்ணம் வராமல் இராது. இருபது ஆண்டுகளாக அங்கே இருக்கும் ஒரு பணியாளரிடம் இதைக் கேட்டேன். "வெளியே அனுப்புவது எங்களுக்குத் தெரிந்த கடைசி வழி. திரும்பி வரும்போது எப்படி வரவேற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது" என்றார். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டுமுறை வெளியேற்றப்பட்ட ஒருவன் ஆறு வாரம் கழித்து ஈரச் சப்பாத்துகளோடு வாசலில் வந்து நின்றான். யாரும் பழைய கணக்கைக் கிளறவில்லை. அந்தப் பணியாளர் அவனுடைய கால்களைப் பார்த்துவிட்டு, "என்ன சைஸ்?" என்றார்.

வெளியிலிருந்து பார்க்கிற கொடையாளர்களுக்கு நேர்கோட்டில் போகும் கதைகள்தான் பிடிக்கும்: தெருவில் இருந்தான், காப்பகத்துக்கு வந்தான், படித்தான், வேலை பெற்றான். நான் அறிந்த எவருடைய கதையும் அப்படிப் போகவில்லை. பேக்கரியில் வேலை கிடைத்து, காலை நான்கரை மணிக்கு எழும்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், ஐந்தாம் மாதம் வேலையை விட்டுவிட்டு மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தாள். அந்த மூன்று வாரமும் அவளுடைய வாசலில் தேநீர் வைத்தவர்கள்தான் அவளை மீட்டவர்கள். ஆண்டறிக்கையின் எந்தப் பத்தியிலும் அந்தத் தேநீருக்கு இடமில்லை.

அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையைக் காண்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் எதிர்பார்க்கவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பட்டியலில் இருந்த பெயரின் நீளத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் ஆங்கிலத்தில் பேசினான். நானும் ஆங்கிலத்தில் பேசினேன். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக அந்த அரைமணி நேரத்தை நடித்து முடித்தோம். மூன்றாவது வாரம், விடுபட்ட ஒரு படிவத்தோடு வந்தவன் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அங்கிள், நீங்கள் கோயிலுக்குப் போறனீங்களோ?"

"போறனான்."

"அம்மாவும் வாறவ. என்னை இஞ்ச கண்டனீங்கள் எண்டு ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ."

அவன் அல்பேட்டாவில் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டார் சனத்துக்குச் சொல்லியிருந்தார்கள். வேலை எப்படி, குளிர் எப்படி என்று உறவினர்கள் விசாரிக்க, தாய் அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவனுடைய வீட்டிலிருந்து அந்தக் காப்பகம் ஒரு மணி நேரப் பயணத் தூரம்.

அந்தத் தகப்பனிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்று பணியாளரிடம் சொன்னேன். ஒரு தமிழன் போய், தேநீர் குடித்து, நாலு நல்ல வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. அவர் மரியாதையாகவும் உறுதியாகவும் மறுத்துவிட்டார். அவன் கேட்காத உதவியைச் செய்யப் போவது அவனிடமிருந்து இன்னொரு கதவைப் பறிப்பதாகும் என்றார். இரண்டு நாள் எனக்கு அவர்மீது கோபம். பிறகு, நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அந்த மனிதருக்கு மகன் நினைவுக்கு வந்திருக்க மாட்டான். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் வந்திருக்கும்.

இதைச் செய்வதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. ஈவாஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகக் குடும்ப மீளிணைப்புத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பிள்ளையின் விருப்பத்தோடு, அவன் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், குடும்பத்தோடு தொடர்பை ஏற்படுத்துவார்கள். வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே குறிக்கோள் என்று வைத்துக்கொள்வதில்லை. திரும்பிப் போவது ஆபத்தானதாக இருக்கலாம். திரும்பாமலே தங்கையோடு தொலைபேசியில் பேச முடிவதும், பாட்டியின் செத்தவீட்டுக்குப் போய் வர முடிவதும் பெரிய மீட்சிதான். அதே வகையான உதவி ஒன்று அந்தப் பிள்ளைக்கும் கிடைத்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் கடையில் தாய் வந்து அவனைச் சந்தித்தார். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தாராம். கடைக்காரர் பார்க்காதபடி மேசைக்குக் கீழே வைத்துச் சாப்பிட்டதாக அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். தகப்பன் வரவில்லை. அவன் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரையில் அவன் இப்போது சமையல் படித்துக்கொண்டு வேறொரு நகரத்தில் இருக்கிறான், அல்பேட்டாவில் இல்லை.

காப்பகத்தைவிட்டு வெளியேறுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஒன்டாரியோவில் தனியாள் ஒருவருக்குக் கிடைக்கும் அடிப்படைச் சமூக உதவித்தொகை மாதம் 733 டாலர். அதில் வீட்டு வாடகைக்கென்று ஒதுக்கப்படுவது 390. இந்தத் தொகை 2018 இலிருந்து அசையவில்லை. ஸ்காபரோவில் யாரோ ஒருவருடைய நிலக்கீழ்த் தளத்தில், குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் தனி அறைகூட அந்தத் தொகை முழுவதையும் விழுங்கிவிடும் என்பது வாடகைக்கு விடுகிற நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். 'மாணவர்கள், வேலை செய்பவர்கள் மட்டும்' என்று நாம் கொடுக்கும் விளம்பரங்களையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

தெருவில் இருந்த காலத்துக் கடனும் பின்தொடர்ந்து வரும். சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களின் கண்ணாடியைத் துடைத்துக் காசு கேட்ட இளைஞர்களை விரட்டுவதற்காக 1999 இல் ஒன்டாரியோவில் பாதுகாப்பான தெருக்கள் சட்டம் கொண்டு வரப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் ரொறன்ரோவில் 2000 ஆம் ஆண்டில் 710 அபராதச் சீட்டுகள் எழுதப்பட்டன. 2010 இல் அந்த எண்ணிக்கை 15,000 ஐத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்குக் காசு கேட்டவனுக்கு அபராதம் விதித்தால் அவன் எதைக் கொண்டு கட்டுவான்? 2024 இல் நீதிமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது.

காப்பகத்துக்கும் தனி வீட்டுக்கும் நடுவே ஒரு படி தேவை என்பதை ரொறன்ரோ 2000 ஆம் ஆண்டளவில் செய்து காட்டியது. ஈவாஸ் பீனிக்ஸ் என்ற இடைக்கால வதிவிடம் அது. 2016 முதல் பிராண்ட் தெருவில், 1930களின் பழைய நீர்வழங்கல் கட்டடம் ஒன்றுக்குள் இயங்குகிறது. ஐம்பது இளையோர், சிறு சிறு வீடுகளாகப் பிரிக்கப்பட்ட அமைப்பில் தங்குகிறார்கள். வீடுகளுக்கு நடுவே, கட்டடத்துக்குள்ளேயே ஒரு தெரு போன்ற நடைபாதை. தாங்களே சமைக்க வேண்டும். அடுத்த அறைக்காரனுடைய அழுக்குப் பாத்திரத்தைப் பற்றித் தாங்களே சண்டை பிடித்துத் தாங்களே தீர்க்க வேண்டும். வேலை பழகுவதற்கு உண்மையான வாடிக்கையாளர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் அச்சகம் ஒன்றையும் அந்த நிறுவனம் நடத்தியது. பாசாங்குப் பயிற்சிக்கும் நாளைக் காலை பத்து மணிக்குள் ஐந்நூறு பிரதி வேண்டும் என்று நிற்கிற வாடிக்கையாளருக்கும் இருக்கிற வேறுபாடு, வேலை செய்து பழகியவர்களுக்குப் புரியும்.

படி எதுவும் வேண்டாம், முதலில் வீட்டைக் கொடுங்கள், மற்ற உதவிகளை அதற்குள் இருந்துகொண்டே பெறட்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இளையோர் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒருவர் இருந்தாரென்றால் அது காப்பகத்தின் வெற்றி ஆகாது. இன்னும் ஒரு படி முன்னே போய், வீடிழப்பதற்கு முன்னரே பள்ளிக்கூடத்தில் கண்டுபிடிக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் ஜீலோங் நகரத்தில் செய்து பார்த்தார்கள். மாணவர்கள் எல்லோரிடமும் வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்து, வீட்டில் முறுகல் முற்றிய பிள்ளைகளை அடையாளம் கண்டு, குடும்பத்தோடு சேர்த்து உதவினார்கள். சில ஆண்டுகளில் அங்கே வீடிழந்து உதவி தேடி வரும் இளையோரின் தொகை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. கனடாவிலும் அதைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறார்கள். காப்பகமே தேவைப்படாத நிலை வரட்டும் என்றுதான் அங்கே வேலை செய்கிறவர்களும் சொல்கிறார்கள். அதுவரை இரவு ஒரு மணிக்கு யாரோ ஒருவர் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொன்ன உயரமான இளைஞன் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தான். இடையில் இடைக்கால வதிவிடம் ஒன்றில் ஓராண்டு இருந்திருக்கிறான். ஒரு களஞ்சியத்தில் வேலை. மேலங்கியைக் கழற்றிக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டு, முதலாளி கொடுத்த, ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் ரி-4 சீட்டை மேசையில் வைத்தான். வருமானம் கூடிவிட்டதால் சலுகைப் பணம் குறையுமா என்று கேட்டான். குறையும் என்றேன். எவ்வளவு என்று விடாமல் கேட்டு, தொகையைக் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

முகவரிக் கட்டத்துக்கு வந்தோம். தெருப் பெயரையும் அறை இலக்கத்தையும் சொன்னவனுக்குத் தபாற்குறியீடு நினைவில் வரவில்லை. கைபேசியில் தேடி, ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னான். நான் தட்டச்சு செய்ததைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். போகிற வழியில் வரவேற்பு மேசையில் நின்று, தன் பெயருக்கு ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டான். இழுப்பறையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. உறையின் மேலிருந்த பழைய முகவரியைப் பார்த்துவிட்டு, அவற்றைப் பிரிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.